அணு உலைக்கு யார் காவல்? ஒரு பழைய என்சிக் கேட்கிறேன்

பழைய என்சிக்:
சிங்கப்பூர்க் காலாட்படையில் வாரண்ட் ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவன். பையன்கள் ‘என்சிக்’ (மலாயில் ‘ஐயா’) என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. அரசாங்கத்தைத் திட்ட வரவில்லை. தேசிய சேவை, அதாவது பையன்களுக்குக் கட்டாய ராணுவப் பணி, வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. பிரிட்டிஷ்காரன் 1968இல் கிளம்புகிறேன் என்றான், 1971இல் மூட்டை கட்டிவிட்டான். 1967இலேயே சட்டம் போட்டு ஆள் சேர்க்காமல் விட்டிருந்தால் நம் கதை என்ன ஆகியிருக்கும்?

ஆனால் அணுமின் நிலையம் என்ற பேச்சைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. இப்போதுள்ள தொழில்நுட்பம் நம் தீவுக்குப் பொருந்தாது என்று 2012இல் அரசாங்கமே ஆய்வு செய்து சொன்னது. 2022இல் வந்த அறிக்கையோ, 2050 வாக்கில் நம் மின்சாரத்தில் 10 விழுக்காடு வரை அணுசக்தியிலிருந்து வரலாம் என்றது. 2024 ஜூலையில் அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம். 2025 வரவுசெலவுத் திட்ட உரையில் பிரதமரும் அதைத் தொட்டார். இன்னும் முடிவு எடுக்கவில்லை என்கிறார்கள், சரி. விபத்து, கழிவு, செலவு எல்லாம் பேசுகிறோம். சண்டை வந்தால் அந்த உலையை என்ன செய்வது என்று பேசுவது என் காதில் விழவில்லை.

2022 மார்ச் 4ஆம் தேதி ரஷ்யப் படை உக்ரேனின் ஸப்போரிஸியா அணுமின் நிலையத்தைப் பிடித்தது. ஆறு உலைகள், ஐரோப்பாவிலேயே பெரியது. சண்டையில் வளாகத்துப் பயிற்சிக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. உலையை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் எரிபொருளைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வரும் மின்கம்பி அறுந்தபோதெல்லாம் டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓட்டினார்கள். காட்டில் முகாம் போட்டவனுக்கு ஜெனரேட்டர் எப்படிப்பட்டது என்று தெரியும். நல்ல நேரத்தில் நன்றாக ஓடும். இரவு இரண்டு மணிக்கு ஃபில்டர் அடைத்து இருமிக்கொண்டே நிற்கும். ஒருவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அழுத்திக்கொண்டிருப்பான். அணு உலையின் உயிர் அந்தக் கைப்பம்பில் இருக்கிற நிலைமை வரக்கூடாது.

உக்ரேனுக்குப் பின்வாங்க இடம் உண்டு. நமக்குக் கிழக்கிலிருந்து மேற்காக சுமார் 50 கிலோமீட்டர். 2011 விபத்தில் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் உலையைச் சுற்றி 20 கிலோமீட்டரைக் காலி செய்தார்கள். மேற்கு முனை துவாஸில் காம்பஸ் முனையை ஊன்றினாலும் கிழக்கு முனை சாங்கியில் ஊன்றினாலும் வட்டத்துக்குள் லட்சக்கணக்கில் ஜனம்.

ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த 1942ஐ நினைத்துப் பாருங்கள். பீரங்கி கடலைப் பார்த்திருந்த கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். புக்கிட் தீமா கிடங்குகள் போனதும், நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போனதும், குண்டு விழுந்து உடைந்த குழாய்களில் தண்ணீர் வீணாக ஓடியதும் யாருக்கு நினைவிருக்கிறது? சுமார் பத்து லட்சம் ஜனத்துக்குத் தண்ணீர் இல்லை என்ற நிலையில்தான் பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஃபோர்டு கார் ஆலைக்குப் போய்ச் சரணடைந்து கையெழுத்துப் போட்டார்.

ஜூரோங் தீவு ஜெயந்தி:
அண்ணே, நான் இரசாயன ஆலைப் பாதுகாப்புப் பொறியாளர். உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அதே கேள்வியை இன்றைக்கு இருக்கிற ஏற்பாட்டிடமும் கேளுங்கள்.

நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. ஒரு பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் குழாயில். அந்தக் குழாயின் மறுமுனை வால்வு நம் கையில் இல்லை. மற்றது கப்பலில் வருகிறது. 2013 முதல் ஜூரோங் தீவு முனையத்தில் இறக்குகிறோம். பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி குளிரில் திரவமாக இருக்கும். எவ்வளவு நல்ல தொட்டியில் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும், ஆண்டுக்கணக்கில் பதுக்க முடியாது. அணு உலையில் ஒரு தடவை எரிபொருள் மாற்றினால் பொதுவாக 18 முதல் 24 மாதம் ஓடும். நீங்கள் படைக்காரர், சொல்லுங்கள்: கடல் வழியை அடைத்துவிட்டால் எது தாங்கும்?

ஃபுக்குஷிமா பற்றியும் ஒன்று. கதிர்வீச்சால் இறந்தவர் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது ஒரே ஒருவரை, 2018இல். அவசரமாகக் காலி செய்ததாலும் பிறகு இடம்விட்டு இடம் அலைந்ததாலும் அந்த மாநிலத்தில் இறந்தவர்கள் 2,000க்கும் மேல், பெரும்பாலும் முதியவர்கள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தூக்கிப் பேருந்தில் ஏற்றியவர்களும் அதில் உண்டு. அந்த 20 கிலோமீட்டர் பெரிய, பழைய உலைகளுக்குப் போட்ட கணக்கு. சிறிய உலைகளுக்கு அவசரகால வட்டத்தை அதனதன் ஆபத்துக்கு ஏற்பச் சுருக்கலாம் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் விதி மாற்றியது.

அப்புறம், சாங்கி கடற்படைத் தளத்துக்கு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வருகிறதே, ஒவ்வொன்றிலும் இரண்டு அணு உலை. நாம் அன்றைக்கும் ஈஸ்ட் கோஸ்ட்டில் பார்பிகியூ போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ராதாபுரம் ராஜா:
நான் இங்கே கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். சொந்த ஊர் கூடங்குளத்துக்குப் பக்கம். 2011, 12இல் இடிந்தகரை மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் எங்கள் உறவுக்காரர்களும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது. கேட்டது என்ன? ஆபத்து வந்தால் நாங்கள் எந்த ரோட்டில் ஓட வேண்டும் என்றுதான். மீனவப் பெண் கேட்ட கேள்விக்கு வெள்ளைச் சட்டை போட்ட விஞ்ஞானி டெல்லியிலிருந்து வந்து பௌதிகப் பாடம் நடத்தினார். 2013 அக்டோபரில் முதல் உலையை மின்கட்டமைப்பில் இணைத்தார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள், கதிர்வீச்சு வெளியே வரவில்லை. ஊழியர் குடியிருப்பில்தான் உயிர்கள் போயின.

இயந்திரத்தை நான் நம்புவேன். அதிகாரி வாயைத் திறக்காததைத்தான் நம்ப மாட்டேன்.

ஈசூன் தம்பி:
என்சிக், நான் தேசிய சேவை முடித்தும் இன்னும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போகிறவன். நீங்கள் சொல்வதில் எனக்கு ஒன்று உதைக்கிறது. இரண்டு வருடம் பிள்ளையைக் கொடு, அப்புறம் பத்து வருடம் கூப்பிட்டபோதெல்லாம் வா, அரசாங்கத்தை நம்பு என்கிறீர்கள். உலை என்று வந்தால் நம்பாதே என்கிறீர்கள். துப்பாக்கிக்கு ஒரு நம்பிக்கை, உலைக்கு ஒரு நம்பிக்கையா?

போர் விஷயத்தில் அரசாங்கம் ஒரே மாதிரி நடந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 1983இல் அமெரிக்கா கிரனடாவுக்குள் நுழைந்தபோது ஐநாவில் நாம் எதிர்த்து வாக்களித்தோம். சின்ன நாட்டுக்குள் பெரிய நாடு புகுந்தால் அது தப்பு, யார் செய்தாலும் தப்பு. அருமை. 2022இல் ரஷ்யாவுக்கு எதிராகத் தடை போட்டோம், அதுவும் அதே கொள்கைதான். நடுவில் 2003இல் ஈராக்? பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. நாம் அதை ஆதரித்தோம், பின்னர் தரையிறக்கக் கப்பலும் விமானமும் அனுப்பினோம். 2017இல் ஐநா அணு ஆயுதத் தடை உடன்படிக்கைக்கு 122 நாடுகள் ஆதரவு, நெதர்லாந்து எதிர்ப்பு, ஓட்டுப் போடாமல் இருந்தது நாம் ஒருவர் மட்டும். அதையும் எனக்கு யாராவது விளக்கினால் நல்லது.

பழைய என்சிக்:
தம்பிக்கு முதலில். துப்பாக்கியை நம்பச் சொன்னேன் என்றால், கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ரேஞ்சில் சுட்டு முடித்ததும் என்ன செய்வோம்? வரிசையில் நிற்க வைத்து, துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கும் அறையைத் திறந்து காட்டச் சொல்லி, பை எல்லாம் தடவிப் பார்த்து, “என்னிடம் குண்டும் இல்லை, வெற்றுத் தோட்டாவும் இல்லை” என்று ஒவ்வொருவனையும் வாயால் சொல்ல வைப்போம். எண்ணிக்கையில் ஒரு வெற்றுத் தோட்டா குறைந்தால் மொத்தக் கம்பெனியும் புல்லில் குனிந்து தேட வேண்டும். மழை பெய்தாலும் சரி, புக் அவுட் நேரம் தாண்டினாலும் சரி. நான் தேட வைத்திருக்கிறேன், பையன்கள் மனசுக்குள் என்னைத் திட்டியதும் தெரியும். அந்த முறை இருப்பதால்தான் நம்புகிறேன். உலைக்கு அப்படி ஒரு முறையை என் கண்ணில் காட்டட்டும்.

ஈராக்கில் எனக்கு உடன்பாடு கிடையாது. சீருடையில் இருக்கும்போது கருத்துச் சொல்வது சிப்பாய் வேலை அல்ல, சொல்லவில்லை. ஓய்வு பெற்றவன் சொல்லலாம். பெரியண்ணன் போகிற இடமெல்லாம் நாமும் போக வேண்டியதில்லை. அதே நேரம் 2004இல் சுனாமி அடித்து முடித்ததும் நம் பையன்கள் இந்தோனீசியாவின் மெலாபோவில் உதவிக்குப் போய் இறங்கினார்களே, அதுதான் படை. 2017 ஓட்டைப் பற்றிக் கேட்டாய். அமெரிக்கக் கப்பலுக்குச் சாங்கியில் இடம் கொடுத்துவிட்டு, அணு ஆயுதமே கூடாது என்று கையெழுத்துப் போட்டால்தான் நடிப்பு. தென்கிழக்காசியாவில் அணு ஆயுதம் கூடாது என்ற 1995 ஒப்பந்தத்தில் நாம் இருக்கிறோம், எனக்கு அது போதும்.

ஜெயந்தி தங்கச்சி, எரிவாயு விஷயத்தில் நீ சொன்னதெல்லாம் சரி. ஆனால் எரிவாயுத் தொட்டியில் ஏவுகணை விழுந்தால் எரியும். நாலு நாள் எரியட்டும், ஆள் சாகட்டும், கொடுமைதான். அணைந்தபின் அதே மண்ணில் திரும்பக் கட்டலாம். செர்னோபில்லில் 1986இல் 30 கிலோமீட்டரைச் சுற்றி வேலி போட்டார்கள், இன்னும் எடுக்கவில்லை. நமக்கு இருப்பது ஒரே மண். விமானந்தாங்கி என்கிறாய். அது ஆபத்து வந்தால் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடும், துவாஸில் கட்டிய உலை எங்கே ஓடும்?

கிளமெண்டி கிருஷ்ணன்:
போர், கொள்கை எல்லாம் இருக்கட்டும். காசு? பிலிப்பீன்சில் பத்தானில் அதிபர் மார்க்கோஸ் காலத்தில் ஓர் அணுமின் நிலையம் கட்டி முடித்தார்கள், 200 கோடி டாலருக்கும் மேல் செலவு. இன்றுவரை ஒரு யூனிட் மின்சாரம் வரவில்லை. கடனை மட்டும் 2007 வரை கட்டினார்கள். சிறிய உலை மலிவு என்பார்கள். அமெரிக்காவில் ஐடஹோவில் கட்ட இருந்த திட்டத்தில் மின்விலை மெகாவாட் மணிக்கு 58 டாலரிலிருந்து 89 டாலராக ஏறியதும், 2023 நவம்பரில் கைகழுவிவிட்டார்கள். என் வீட்டு பில்லைப் பார்த்தாலே எனக்குக் கதிர்வீச்சு அடிக்கிறது.

ஜூரோங் தீவு ஜெயந்தி:
கிருஷ்ணன் ஐயா, விலை பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. முதல் ஆளாக வாங்கக்கூடாது, சீனாவும் கனடாவும் கட்டி ஓட்டிக் காட்டட்டும் என்பதுதான் என் கட்சியும்.

ஆனால் அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். நாம் கட்டாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் கட்டுவார்கள். வியட்நாம் 2016இல் கைவிட்ட நின் துவான் திட்டத்தை 2024இல் திரும்ப எடுத்திருக்கிறது. இந்தோனீசியாவும் திட்டம் போடுகிறது. சுமத்ராவில் காடு எரிந்தால் புகைமூட்டம் நம் வீட்டு ஜன்னலுக்கு வருகிறது, பாஸ்போர்ட் காட்டிவிட்டா வருகிறது? அதனால் 2014 முதல் ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறார்கள், 2025இல் அதற்கென ஒரு கழகமே திறந்தார்கள். படிக்கவே கூடாது என்று சொல்ல முடியுமா?

டீசல் ஜெனரேட்டர் பயத்துக்கும் பதில் இருக்கிறது. ஏபி1000 மாதிரியான புதிய உலைகளில் தண்ணீர்த் தொட்டி மேலேயே இருக்கும். மின்சாரம் முழுக்கப் போனாலும் ஈர்ப்பு விசையில் இறங்கிக் குளிர்விக்கும். ஆள் தொடாமல் 72 மணி நேரம். சில சிறிய உலைகளை நிலத்துக்கு அடியிலேயே வைக்கிறார்கள்.

ஈசூன் தம்பி:
அக்கா, போன ஐசிடியில், அதாவது ரிசர்விஸ்ட் முகாம் பயிற்சியில், எங்களை ஒரு முக்கிய வளாகத்துக்குக் காவல் போட்டார்கள். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிஃப்டில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் பகலில் வங்கியில் வேலை, இன்னொருவர் கிராப் வாடகைக் கார் ஓட்டுபவர். கையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கி. வேலி தாண்டி வருகிறவனை நிறுத்தத் தெரியும். 2025 பிப்ரவரியில் செர்னோபில் உலையை மூடியிருக்கும் அந்தப் பெரிய எஃகுக் கூரையில் ஒரு ட்ரோன் வந்து ஓட்டை போட்டதே, அதை என்ன செய்வது? இதைக் கேட்டால் எங்கள் கேப்டனே சிரிக்கிறார்.

ஆனால் என்சிக் சொல்வதும் எனக்குப் பாதிதான் ஏறுகிறது. ட்ரோன் எரிவாயு முனையத்துக்கும் வரும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கும் வரும். அதற்காக எதையும் கட்டாமல் இருக்க முடியுமா?

ராதாபுரம் ராஜா:
தம்பி, கட்டலாம். கட்டும் முன்னால் எந்த ரோட்டில் ஓடுவது என்று சொல்லிவிட்டுக் கட்டலாம்.

பழைய என்சிக்:
படிக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? படியுங்கள். நூறு பேரைப் பயிற்றுவியுங்கள். பக்கத்து நாட்டு உலையில் கசிந்தால் அளக்கத் தெரிந்த ஆள் நமக்கு வேண்டும்.

72 மணி நேரம் என்கிறாய். மூன்று நாள். ஸப்போரிஸியாவில் சண்டை ஆண்டுக்கணக்கில் போகிறது. 73ஆவது மணியில் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற லாரியை யார் ஓட்டுவார்கள், எந்தப் பாலம் அப்போது நிற்கும்? இடம் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைத் தற்காப்பு அமைச்சும் எரிசக்தி ஆணையமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இரகசியம் இருந்தால் இரகசியத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லட்டும். அடுத்த மக்கள் சந்திப்பில் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதியே கொடுக்கப் போகிறேன். அந்த 72 மணிக் கணக்கை எனக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதித் தா தங்கச்சி, சேர்த்தே கொடுக்கிறேன்.

ஜூரோங் தீவு ஜெயந்தி:
ஞாயிற்றுக்கிழமைக்குள் தருகிறேன். ஆனால் எரிவாயுக் கப்பல் வராமல் போனால் எத்தனை நாள் தாங்குவோம் என்ற என் கேள்வியையும் அதே தாளில் போட வேண்டும். உங்கள் கேள்வியை மட்டும் கொடுப்பதாக இருந்தால் நானே அன்றைக்கு வந்து வரிசையில் நிற்பேன்.