வயலின் வீடியோ: கேமரா சுற்றணுமா, நிற்கணுமா?

கேள்வி: தங்கை வாசிப்பதை வீடியோ எடுக்கப் போகிறேன். அமெரிக்க வயலின் கலைஞர் லிண்ட்ஸி ஸ்டெர்லிங் 2012-ல் கொலராடோவின் பனிக்கோபுரங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டே வாசித்தாரே, அப்படிச் சுற்றிச் சுற்றி எடுக்கவா? இல்லை, கச்சேரி மாதிரி ட்ரைபாட் போதுமா?

பதில்: சுற்றினால் அழகுதான், ஆனால் பல தடவை எடுத்ததை வெட்டி ஒட்டும்போது மாட்டிக்கொள்வீர்கள். நான் எடுத்த ஒன்றில் வில் மேலே போகிறது. ஷாட் மாறினால் அதே ஸ்வரத்தில் கீழே வருகிறது! வயலினைத் தொட்டே பார்க்காத நண்பன்கூடச் சிரித்தான்.

பதில்: ஸ்லோமோஷன் வேண்டுமானால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு வாசிக்கச் சொல்லி, நொடிக்கு 48 ஃபிரேமில் எடுங்கள். 24-ல் ஓட்டினால் வில்லும் ஒலியும் சேரும். பிர்கா (வேகமாக உருளும் ஸ்வரக்கோவை) நிறைய இருந்தால் மறந்துவிடுங்கள், கை ஓடாது.

கேட்டவர்: பாதிப் பாட்டு பிர்காதான்! ட்ரைபாடைத் தேடுகிறேன்.