கறுப்பு வந்துவிட்டால் துரு செத்துவிட்டதா? பத்மினி கார் ரன்னிங் போர்டு பஞ்சாயத்து

துருவாசர்:
பழைய வண்டி பராமரிப்பு இழையில் கடலூர்க்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனி இழை. அவர் எழுதியது இதுதான்: "பத்மினி ரன்னிங் போர்டில் துரு பிடித்தால் தகடு வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருமேல் பூசுகிற ரஸ்ட் கன்வர்ட்டர் திரவம் அடியுங்கள். கறுப்பாக மாறியதும் துரு செத்துவிட்டது. அப்புறம் பட்டி, பிரைமர், பெயிண்ட். வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை."

இதற்கு ஆளாளுக்கு லைக் போட்டிருக்கிறார்கள். பத்மினிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது ஐயா. அதன் மூல வண்டியான ஃபியட் 1100டி காலத்திலிருந்தே பாடிதான் சேசிஸ். ரன்னிங் போர்டு என்கிற, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்த மூடின பெட்டிதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்கு உள்ளே தண்ணீரும் சேறும் தங்கி, துரு உள்ளேயிருந்துதான் வெளியே வரும். வெளியே சின்னதாக ஒரு கொப்புளம் தெரியும்போது உள்பக்கம் தகடு காகிதமாகியிருக்கும். கறுப்பானது வெளித்தோல். உள்ளே என்ன ஆனது? இற்ற தகட்டை வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கடலூர்க்காரன்:
என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. நான் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறவன் இல்லை. ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் இற்று விழுகிற ஊர் எங்களுடையது. அப்பா வாங்கின பத்மினி இன்னும் ஓடுகிறது. டிரைவர் பக்க ரன்னிங் போர்டுக்கு நானே கன்வர்ட்டர் அடித்தேன். அதற்கப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒரு கொப்புளம் இல்லை.

கன்வர்ட்டரில் இருக்கிற டானிக் ஆசிட் துருவோடு சேர்ந்து கறுப்பான டானேட் ஆகிறது. பாஸ்பாரிக் ஆசிட் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. துரு வேறு பொருளாகிவிட்டது என்றால் துரு இல்லை என்றுதானே அர்த்தம்? கறுப்பானது கறுப்பானதுதான்.

சேலம் லேத்:
ஒரு சந்தேகம். இரண்டு பேரும் எந்தத் துருவைச் சொல்கிறீர்கள்? மேலே செம்மண் தடவினதுபோல் இருக்கிற துருவா, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிற துருவா? அதைச் சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

துருவாசர்:
கறுப்பானது கறுப்பானதுதான் என்கிறார்! கறுப்பு என்பது ஆசிட் தொட்ட இடத்தின் நிறம், அவ்வளவுதான். கலம்காரித் துணியில் கறுப்பு எப்படி வருகிறது? கடுக்காயில் ஊறின துணியின் மேல், இரும்பும் வெல்லமும் ஊறின தண்ணீரால் கோடு இழுக்கிறார்கள். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கறுக்கிறது. உங்கள் டப்பாவில் இருப்பதும் அதே சங்கதி. இரும்பு கிடைத்தால் கறுக்கும். அடியில் எத்தனை அடுக்குத் துரு மிச்சம் இருக்கிறது என்று அந்த நிறம் சொல்லாது.

துரு பிடித்தால் இரும்பைவிடப் பல மடங்கு உப்பும். இரண்டு தகடு சேருகிற ஸ்பாட் வெல்டிங் மடிப்புக்குள்ளே துரு நுழைந்தால் தகடுகளையே பிரித்துத் தள்ளிவிடும். அந்த மடிப்புக்குள் உங்கள் பிரஷ் போகுமா?

கடலோரத்து அண்ணன் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, கவனித்தீர்களா? துருக்குழியின் அடியில் உப்பு உட்கார்ந்திருக்கும். கன்வர்ட்டர் உப்பை எடுக்காது. நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, அதற்கப்புறம்தான் எதுவும் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சீழ் வைத்த புண்ணுக்கு மேலே பவுடர் போட்ட கதை.

கடலூர்க்காரன்:
கழுவாமல் அடித்தேன் என்று நான் எங்கே எழுதினேன்? எழுதாததற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. என் வண்டி கறுப்பானது. துரு வரவில்லை. உங்களிடம் கலம்காரி இருக்கிறது, என்னிடம் வண்டி இருக்கிறது.

டிங்கர் மகன்:
எங்கப்பா புதுப்பேட்டையில் ஆயுசு முழுக்க டிங்கரிங் பார்த்தவர். நான் சொல்கிறேன், கன்வர்ட்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அளவாக மடித்து, கேஸ் வெல்டிங்கில் பேட்ச் போட்டால் காலத்துக்கும் நிற்கும். வெட்டச் சொல்கிற விஷயத்தில் துருவாசர் சொல்வது சரி. ஆனால் போன வருஷம் இதே ஆள் கேஸ் வெல்டிங் போடுகிறவர்களை "தகட்டை வாட்டுகிறவர்கள்" என்று எழுதினார். அதை நான் மறக்கவில்லை.

துருவாசர்:
இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டில் கேஸ் காட்டினால் சூடு அகலமாகப் பரவி தகடு நெளியும். அதைத் தட்டி நிமிர்த்த முடியாமல்தான் பட்டியை அப்புகிறார்கள். சிஓ2 வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவில், மின்சாரத்தால் கம்பியை உருக்கி ஒட்டுவது) 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி போட்டு, இங்கே ஒரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒரு புள்ளி என்று வைத்தால் தகடு அசையாது. வீட்டில் கற்றுக்கொள்கிறவனுக்கும் அதுதான் எளிது. ஆக்சிஜன் சிலிண்டரையும் அசிட்டிலினையும் வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறவர்கள் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

டிங்கர் மகன்:
சிஓ2 வெல்டிங் கெட்டியாக நிற்கும், சுத்தியலால் தட்டினால் விரிசல் விடும். கேஸில் வைத்த தையல் மெதுவாக இருக்கும், சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கிற இரும்புக்கட்டை) வைத்துத் தட்டித் தட்டி வழிக்குக் கொண்டுவரலாம். கை தெரிந்தவனுக்குப் பட்டியே வேண்டாம். எங்கப்பா செய்த மட்கார்டில் விரலால் தடவினாலும் தையல் தெரியாது. கருவியை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு இது புரியாது.

அம்பாசடர் அபிமானி:
பத்மினியை வாங்கிவிட்டுத் துருவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் அம்பாசடர் தகட்டில் ஆணி அடித்தால் ஆணி வளையும். கொல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் 2014 வரைக்கும் சும்மாவா தயாரித்தார்கள்?

துருவாசர்:
அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்ததுதான், அதற்கும் பாடிதான் சேசிஸ். ஜாக்கி போடுகிற இடமும், பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடமும், டிக்கி ஃப்ளோரும் அம்பாசடரில் எப்படி இற்றுப்போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். தகடு தடிமனாக இருந்தால் துரு தின்ன நேரமாகும். தின்னாமல் விடாது. இந்த இழை அதற்கில்லை. கறுப்புக்கு வருவோம்.

அம்பாசடர் அபிமானி:
பொறாமைக்கு மருந்தில்லை.

வேளச்சேரி வாசி:
2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வண்டி சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் கார்ப்பெட்டைக் கழற்றி, ஃப்ளோரைக் காயவைத்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பல மாதம் கழித்து ரன்னிங் போர்டின் அடியிலிருக்கும் வடிகால் துளையில் கம்பியை விட்டுக் குடைந்தால் சேறு கட்டி கட்டியாக விழுந்தது, ஈரத்தோடு. துளை அடைத்திருந்ததால் உள்ளே காயவே இல்லை. வெளிப்பக்கம் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. எனக்கென்னவோ வெட்டுவதா, கன்வர்ட்டரா என்பதைவிட அந்தத் துளைகள்தான் முக்கியம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் குத்திவிட்டு, உள்ளே ஈரம் ஒட்டாமல் காக்கிற கேவிட்டி வேக்ஸ் மெழுகு அடித்தாலே பாதி வண்டி பிழைக்கும்.

துருவாசர்:
பார்த்தீர்களா? வெளியே பளபள, உள்ளே சேறு. நான் சொன்னதற்கு இவரே சாட்சி.

கடலூர்க்காரன்:
அவர் கன்வர்ட்டரே அடிக்கவில்லை! கன்வர்ட்டர் தோற்றதற்கு அது எப்படி சாட்சி? துளையைத் திறந்து வைத்து, கழுவி, காயவிட்டு, அதே துளை வழியாக டியூப் விட்டு உள்ளேயும் கன்வர்ட்டர் அடிக்கலாம். நான் அடித்தேன். உள்ளேயும் கறுப்பு.

துருவாசர்:
உள்ளேயும் கறுப்பு என்று எப்படித் தெரியும்? ரன்னிங் போர்டுக்குள் புகுந்து பார்த்தீர்களா?

கடலூர்க்காரன்:
கேமரா விட்டுப் பார்த்தேன். போனில் மாட்டுகிற குழாய்க் கேமரா கடையில் கிடைக்கிறது. கறுப்பு.

துருவாசர்:
கேமரா நிறத்தைத்தான் காட்டும், தகட்டின் தடிமனைக் காட்டாது. காந்தத்தை வையுங்கள், சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகடு 'ணங்' என்னும், இற்ற தகடு 'தொப்' என்னும். டப்பாவின் பின்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். செதில் செதிலாக வருகிற துருவை முழுக்கச் சுரண்டியெடுத்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்லியிருப்பார்கள். காய நேரம் விட்டு மேலே பெயிண்ட் அடிக்கவும் சொல்லியிருப்பார்கள். பாஸ்பாரிக் ஆசிட் மிச்சம் இருக்கும்போது அதன்மேல் எபாக்சி பிரைமர் அடித்தால் பிடிக்காது, தோலாக உரிந்து வரும். இதையெல்லாம் சொல்லாமல் "கறுப்பானதும் செத்துவிட்டது" என்று ஒரு வரி எழுதினால், படிக்கிற பையன் ஓட்டைமேல் பட்டி அப்பிக் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குக் கிளம்புவான். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு திரும்பக் கிளம்பும். ஒருநாள் ஜாக்கி போடும்போது ஜாக்கி தகட்டுக்குள்ளேயே போகும்.

கடலூர்க்காரன்:
ஓட்டைமேல் பட்டி அப்பச் சொன்னது யார்? நான் துருவைச் சொன்னேன். நீங்கள் ஓட்டையைச் சொல்கிறீர்கள்.

சேலம் லேத்:
அதைத்தான் நான் மூன்றாவது பதிவிலேயே கேட்டேன்.

துருவாசர்:
ரன்னிங் போர்டில் இன்றைக்குத் துரு என்றால் நாளைக்கு ஓட்டை. இரண்டும் ஒன்றுதான்.

கடலூர்க்காரன்:
அப்படியென்றால் துரு பிடித்த வண்டியையெல்லாம் வெட்டிவிடலாம். உங்களுக்குக் கிரைண்டர் கையிலிருந்தால் எல்லாம் வெட்ட வேண்டியதாகத்தான் தெரியும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கவே 2022 ஏப்ரலில் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். அதைக் கட்டிவிட்டு, சிஓ2 மெஷினும் வாங்கி, வெட்டி, ஒட்டி... அப்பா நினைவாக வண்டி வைத்திருக்கிற சாதாரண ஆளுக்கு இது முடியுமா? உங்களைப் போன்றவர்கள் பயமுறுத்தித்தான் பல பத்மினிகள் காயலான் கடைக்குப் போயின.

துருவாசர்:
காயலான் கடைக்கு அனுப்பியது நானா? துருவை மூடி மூடி வைத்தவர்கள் அனுப்பினார்கள். வீட்டிலேயே செய்யலாம் என்றுதான் நானும் சொல்கிறேன். ஒழுங்காகச் செய்யுங்கள் என்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் கம்பி வைத்துத் தாங்கல் கொடுங்கள், இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து அப்புறம் கதவே சாத்தாது. பேட்டரி கழற்றுங்கள். கார்ப்பெட், சீட், பக்கத்தில் ஓடுகிற பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். துத்தநாகம் பூசின ஜிஐ தகட்டை வெல்டு செய்யாதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வெட்டின விளிம்பு வெள்ளி மாதிரி மின்னும் வரைக்கும் தேயுங்கள். அந்த மினுமினுப்பு வந்தால்தான் துரு போனது. கறுப்பு வந்தால் இல்லை.

டிங்கர் மகன்:
அந்த ஆங்கிள் தாங்கல் எங்கப்பா பட்டறையில் அந்தக் காலத்திலிருந்தே போடுவது. இவர் கண்டுபிடித்ததுபோல் எழுதுகிறார். தகடு எத்தனை கேஜ் என்று சொல்லாமல் விட்டுவிட்டார், அதையும் கவனியுங்கள்.

துருவாசர்:
20 கேஜ். கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர்.

டிங்கர் மகன்:
ரன்னிங் போர்டுக்கு 20 கேஜா! 18 போடணும். 1.2 மில்லிமீட்டர். கார் என்ன பிஸ்கட் டின்னா?

துருவாசர்:
பழைய தகட்டைவிடத் தடிமனாகப் போட்டால் சேருகிற இடத்தில் மெல்லிய பக்கம் உருகி ஓட்டை விழும். 20 கேஜ் எளிதாக மடியும், சமமாக உருகும்.

டிங்கர் மகன்:
கை தெரியாதவனுக்கு ஓட்டை விழும்.

அம்பாசடர் அபிமானி:
இதற்குத்தான் அம்பாசடர் வாங்கச் சொன்னேன்.

வேளச்சேரி வாசி:
வடிகால் துளை பற்றி யாருமே பேச மாட்டீர்களா? புதுத் தகடு போடும்போது அந்தத் துளைகளைத் திரும்ப விடாமல் மூடிவிடுகிற பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடலூர்க்காரன்:
அடுத்த மழைக்கு அப்புறம் என் ரன்னிங் போர்டைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். கறுப்பு அப்படியே இருக்கும்.

துருவாசர்:
பெயிண்டுக்கு மேலே எடுத்த படமா, கீழே எடுத்த படமா? கீழே என்றால் ஒரு கட்டிங் வீலை வைத்து ஓர் அங்குலம் வெட்டிக் காட்டுங்கள். உள்பக்கத்துக் கறுப்பை நகத்தால் சுரண்டிக் காட்டுங்கள். அதுவரைக்கும் நான் சொன்னது சொன்னதுதான்.

கடலூர்க்காரன்:
நல்லா இருக்கிற ரன்னிங் போர்டை உங்களுக்காக நான் ஏன் வெட்ட வேண்டும்?

டிங்கர் மகன்:
18 கேஜ்.