வைப்ரஃபோன்: பெடல் அழுத்தினா குழம்புது, விட்டா வறண்டுபோகுது

சத்துவாச்சாரி37:
3 ஆக்டேவ் பழைய வைப்ரஃபோன், 37 பார் (மேலட்ங்கிற குமிழ் வெச்ச குச்சியால அடிக்கிற உலோகப் பட்டை). பியானோ பழக்கம் உண்டு, மேலட் புதுசு. ஜாஸ் லைன் வேகமா வாசிச்சா பெடல்ல எல்லா ஸ்வரமும் ஒண்ணா கலந்து இரையுது. கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) மாறும்போது பெடல் மாத்தினா புது கார்டு அமுங்கிப்போகுது. கூடவே கீழ் ஆக்டேவ்ல ரெண்டு பார் 'ஸ்ர்ர்'ங்குது, கீழ் எஃப் மதியத்துல சத்தமே குறையுது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பாலாற்றங்கரை:
கார்டு அமுங்குறது பியானோ கால் பண்ற வேலை தம்பி. பியானோவுல கார்டை அடிச்ச பிறகு பெடலை எடுத்து மறுபடி மிதிப்போம், விரல் கட்டையைப் பிடிச்சிருக்கும், அதனால ஒலி தப்பிச்சிடும். இங்க பிடிக்க விரல் இல்ல. அடிச்ச பிறகு கால் தூக்கினா, பார்ல அழுந்தி ஒலியை அடக்குற டேம்பர் கம்பியோட ஃபெல்ட் புது கார்டையே கொன்னுடும். அடிக்கிறதுக்குச் சற்று முன்னாடி தூக்கி, மேலட் பார்ல படும்போது கால் மறுபடி கீழ இருக்கணும். குதிகால் தரையிலயே இருக்கட்டும், முன்பாதம் மட்டும் அசையணும்.

லைன் குழம்புறதுக்கு மேலட் டேம்பிங்தான், அதாவது மேலட்டாலயே பழைய ஸ்வரத்தை அடக்குறதுதான் மருந்து. பெடலை முழுசா அழுத்தி வைங்க. இடது கை சி, வலது கை டி. டி ஒலிக்கிற அதே நேரத்துல இடது மேலட்டை சி பார் மேல அழுத்துங்க. தட்டினா மறுபடி ஒலிக்கும், ஒத்தடம் கொடுக்கிற மாதிரி வைக்கணும். கடினமான ரப்பர் மேலட்ல 'டக்'னு சத்தம் கேட்கும், நூல் சுத்தின மீடியம் மேலட் எடுங்க. மெட்ரோனோம் 50, ரெண்டே ஸ்வரம், கையை மாத்தி மாத்தி. எல்லாத்தையும் அடக்க வேண்டாம். சி, ஈ, ஜி சேர்ந்து ஒலிச்சா அழகு. சி-யும் டி-யும் உரசுறதுதான் தொல்லை.

ராணிப்பேட்டை ரிப்பேர்:
அந்த 'ஸ்ர்ர்' இரைச்சலுக்கு: முதல்ல ஒலியை ஆட வைக்கிற மோட்டாரை நிறுத்தி, பாருக்குக் கீழ குழாய்க்குள்ள அது சுத்துற ஃபேன் தகடுகளைக் கையால செங்குத்தா நிறுத்திட்டு அடிங்க. இரைச்சல் நின்னா ஃபேன் கம்பி ஆடுது, அதைத் தாங்குற புஷ் தேய்ஞ்சிருக்கும். நிக்கலைன்னா பாரைத் தாங்குற கயிறு. பாரோட நீளத்துல ரெண்டு முனையிலிருந்தும் சுமார் 22.4% தள்ளி அதிராத புள்ளி இருக்கும், கயிறு ஓட்டை அங்கதான் போட்டிருக்காங்க. கயிறு தொய்ஞ்சா பார் இறங்கித் தாங்கியிலயோ கம்பியிலயோ உரசும். ஸ்ப்ரிங் இருக்கிற முனையில முடிச்சை அவிழ்த்து இழுத்துக் கட்டுங்க. தாங்கியோட ரப்பர் உறை கல்லு மாதிரி ஆயிருந்தா மாத்துங்க.

டேம்பரையும் பாருங்க. காலை எடுத்துட்டு, பாருக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவுல விரல் அகலப் பேப்பர் துண்டு செருகி இழுங்க. எல்லா இடத்துலயும் ஒரே இறுக்கம் வரணும். சும்மா உருவி வந்தா அங்க ஃபெல்ட் அமுங்கிப்போச்சு. லேசா பிரஷ் பண்ணினா கொஞ்சம் எழும்பும். ஒட்டணும்னா ஆம்பூர் பக்கம் ஷூ மெட்டீரியல் கடையில கிடைக்கிற ரப்பர் சொல்யூஷன் போதும், ஆனா மெல்லிசா. ஃபெல்ட்ல ஊறிட்டா விறைச்சுக்கும்.

காட்பாடி4மேலட்:
மதியத்துல எஃப் குறையுறது வெயில். அந்த ஸ்வரம் சுமார் 175 ஹெர்ட்ஸ், குழாய் அலைநீளத்துல கால்வாசி, அதாவது 49 செ.மீ. கிட்ட. அது 20 டிகிரி கணக்கு. 40 டிகிரியில ஒலி வேகம் 343-லிருந்து 355 மீட்டருக்கு ஏறும், குழாயோட சுதி அரை ஸ்வரத்துல பாதிக்கு மேல உயரும். பார் சூட்டுல துளி இறங்கத்தான் செய்யும். ரெண்டும் ஒத்துவராததால சத்தம் குறைஞ்சு, ஒலி மட்டும் நீளும். நம்ம ஊர் கத்திரி வெயில்ல இதுக்குக் குழாயை வெட்டியோ நீட்டியோ கெடுக்காதீங்க, காலையில வாசிச்சுப் பாருங்க.

மோட்டார் ஓட்டுறதுக்கு முன்னாடி லேபிளைப் பாருங்க. அமெரிக்க மாடல்னா 110-120 வோல்ட், நேரா 230-ல சொருகினா புகைஞ்சிடும். கத்துக்கிற வரைக்கும் மோட்டாரே வேண்டாம்ங்கிறது என் கட்சி. ஜாஸ் வைப்ரஃபோன் கலைஞர்கள்ல கேரி பர்ட்டன் நிறுத்தி வெச்சுத்தான் வாசிச்சார். மில்ட் ஜாக்சன் மெதுவா ஓடவிட்டார். ஆடுற ஒலியில டேம்பிங் பிசகு காதுல விழாது.

சத்துவாச்சாரி37:
பேப்பர் மேல் ஆக்டேவ்ல இறுக்கமா இருக்கு, கீழ ஏ வரைக்கும் உருவி வருதுண்ணா. டேம்பர் கம்பியே சாய்ஞ்சிருக்குமா?

ராணிப்பேட்டை ரிப்பேர்:
ஒரு பக்கம் மட்டும்னா அதுதான். ஃபெல்ட்டைத் தொடாதீங்க. கம்பியைத் தாங்குற ஸ்க்ரூவை அந்த முனையில கால் சுத்து ஏத்தி, மறுபடி பேப்பர்.