பெருமாள் வகையறா: ஞாயிறு காதுகுத்து

தேன்மொழி: ஞாயிறு 9 மணிக்கு கோயில்ல காதுகுத்து. 11க்கு பந்தி. எத்தனை பேர்னு சொல்லுங்க, சமையல்காரர் கேக்காரு

பிரபு: நாங்க 2

வசந்தா சித்தி: 3. வேன் உண்டா?

கவிதா: நாங்க 4 பேர் தேனு. அப்பா இலை பத்தி ஒண்ணு சொல்லணும். கிட்னி வேலை செய்யாததால மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ற டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. சனி முடிஞ்சா செவ்வாய்தான். நடுவுல சேர்ற தண்ணியும் பொட்டாசியமும் வெளிய போக வழியில்ல. அந்த இடைவெளியிலதான் இந்த விருந்து வருது. வளைகாப்புக்குப் போயிட்டு வந்து 4 கிலோ ஏறி, ராத்திரி பூரா உக்காந்தே மூச்சு வாங்கினாங்க

ராஜாமணி அத்தை: நான் குடுத்தது ஒரே ஒரு இளநி

கவிதா: உங்களைச் சொல்லல அத்தை

ராஜாமணி அத்தை: யாரைச் சொல்லுதன்னு தெரியும்

செல்வி: மதினி, நானும்தான் மொதல்ல கஞ்சி கஞ்சியா ஊத்தினேன். ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு தண்ணிய அளந்து காமிச்ச பெறகுதான் புரிஞ்சுது

கவிதா: அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 750 மில்லிதான். மூத்திரம் போற அளவோட 500 கூட்டி வச்ச கணக்கு. காபி, ரசம், மோர், பாயசம், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அதுலதான். காலையிலேயே பாட்டில்ல அளந்து வச்சிருவோம், காபி குடிச்சா அந்த அளவு பாட்டில்ல இருந்து கொட்டிருவோம். உப்பு கூடினா தாகம் அடங்காது, அப்பளம் ஊறுகாய் வைக்காதீங்க. இளநி, வாழைப்பழம், தக்காளி, கீரையில பொட்டாசியம் ஜாஸ்தி. கூடினா இதயமே நின்னுரும் அத்தை, அதான் பயப்படுதேன்

முருகேசன் மாமா: சோடியம் கம்மியான உப்பு கடையில இருக்கே

கவிதா: ஐயோ மாமா வேண்டவே வேண்டாம்! அதுல கலக்கறதே பொட்டாசியம்தான்

முருகேசன் மாமா: அப்படியா? நான் ஒரு பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன்

வசந்தா சித்தி: வேன்?

அப்பா: நான் வரல. எல்லாருக்கும் தொந்தரவு

ராஜாமணி அத்தை: தேனுக்கு காது குத்தயில உன் மடியிலதான் இருந்தா. அவ பிள்ளைக்கு நீ இல்லாமலா? கவிதா, என்ன வைக்கட்டும் சொல்லு

கவிதா: சோறு, சுரைக்காய் கூட்டு. சுரைக்காயைப் பொடியா நறுக்கி, நெறைய தண்ணில வேக வச்சு வடிச்சிருங்க. தேங்காய் பேருக்கு

செல்வி: நானே செஞ்சு கொண்டாரேன் மதினி

ராஜாமணி அத்தை: என் தம்பிக்கு நான் செய்யக்கூடாதா

தேன்மொழி: ரெண்டு பேரும் கொண்டாங்க 🙏

அப்பா: பாயசம்?

கவிதா: ஒரு கரண்டி. காலைக் காபிய விடணும்

அப்பா: யோசிச்சுச் சொல்லுதேன்

வசந்தா சித்தி: வேன் யாரும் சொல்லலியே