உறைந்த ஏரிக்குப் போகும் தம்பிக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். என் தம்பி கனடாவில், வினிப்பெக்கில் படிக்கிறான். வரும் ஜனவரியில் நண்பர்களோடு உறைந்த ஏரிக்கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கப் போகிறானாம். முத்தையன்கட்டுக் குளத்தில் நீந்திப் பழகியவன், தண்ணீருக்குப் பயமில்லை. அதுதான் எனக்குப் பயம்.

நேற்று வீடியோவில் பார்த்தேன், அம்மா கொடுத்துவிட்ட பருத்திப் பெனியனைத்தான் ஜக்கெற்றுக்குள் போட்டிருக்கிறான். வியர்வையில் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும், உள்ளே கம்பளிதான் வேண்டும் என்று சொன்னேன். மனிட்டோபாப் பல்கலைக்கழகத்தில் குளிர் உடம்பை என்ன செய்யும் என்று ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கையும் எழுதி அனுப்பினேன். பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தால் மூச்சை நிதானமாக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். வந்த பக்கமே திரும்பி, காலை உதைத்து ஏறி, எழும்பாமல் உருண்டு வர வேண்டும். சரி, ஆனால் இதை வாசித்துப் பழக முடியுமா? யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

வினிப்பெக் பக்கம் இருப்பவர்கள், இதைப் பழக்கும் வகுப்பு தெரிந்தால் சொல்லுங்கள். பனிக்கட்டியின் தடிப்பை நீங்கள் எப்படி அளக்கிறீர்கள்? அப்புறம் ஒன்று: காட்டில் வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில் என்றுதான் அப்பா எங்களைப் பழக்கினார். மைனஸ் 25இல் அப்படி நிற்பவன் சூட்டுக்கு என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள், அப்படியே அவனுக்கு அனுப்புகிறேன்.