பாப்பாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது

குழு: நம் குடும்பம்

சனிக்கிழமை

அண்ணன், இரவு 8:04
எல்லாருக்கும் வணக்கம். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் அடுத்த சுற்றுக்குப் பாப்பா தேர்வாகியிருக்கிறாள். மாலையில்தான் அழைப்பு வந்தது. புதன்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். வீட்டில் இரண்டு மனமாக இருக்கிறது. பெரியவர்கள் சொல்லுங்கள்.

அத்தை (தஞ்சாவூர்), இரவு 8:06
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணுக்கு என் ஆசீர்வாதம். என் அப்பா தேவாரம் பாடிய குரல் இந்தக் குழந்தைக்கு அப்படியே இறங்கியிருக்கிறது. இதுவரை நாம் மட்டும் கேட்டோம். இனி ஊரே கேட்கட்டும்.

டொராண்டோ மாமா, இரவு 8:11
மிகுந்த மகிழ்ச்சி. இங்கே 2015ஐ யாரும் மறக்கவில்லை. சூப்பர் சிங்கர் ஜூனியரில் கனடாவிலிருந்து போன ஜெசிக்கா இறுதிச் சுற்றுக்கு வந்தபோது, வேலை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அவருக்கு வாக்களித்தோம். இரண்டாம் பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுக்கப்போவதாக அந்த மேடையிலேயே அறிவித்தார்கள். என் மனைவி அழுதுவிட்டாள்.

தம்பி, இரவு 8:15
அண்ணா, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தின் படத்தை இங்கே அனுப்புங்கள்.

அண்ணன், இரவு 8:17
14 பக்கம். எல்லாம் ஆங்கிலம். அனுப்புகிறேன்.

அத்தை (தஞ்சாவூர்), இரவு 8:19
நல்ல காரியம் வரும்போதே சந்தேகமா? 2018இல் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டைப் பாடியே வென்றாரா இல்லையா? அவரும் ராஜலட்சுமியும் எத்தனை ஆண்டு ஊர் ஊராகப் பாடினார்கள். அந்த மேடை கிடைத்த பிறகுதானே தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது?

நான், இரவு 8:26
அத்தை, அவர்கள் திறமையில் எனக்கு ஒரு துளியும் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. வாக்கு என்பது பாட்டை அளக்கிறதா, பாடுகிறவருக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தை அளக்கிறதா? 2007இல் நடந்த இந்தியன் ஐடல் என்ற இந்திப் பாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டார்ஜிலிங்கிலிருந்து வந்த பிரசாந்த் தமாங் அப்போது கொல்கத்தாவில் காவலர். அவருக்காக மலைப்பகுதி முழுவதும் பணம் வசூலித்துக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அவர் வென்றார். அந்த ஆதரவு இயக்கத்தை முன்னின்று நடத்திய பிமல் குருங் அதே ஆண்டு அக்டோபரில் கோர்க்கா மக்களுக்குத் தனி மாநிலம் கேட்கும் கோர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா என்ற கட்சியையே தொடங்கிவிட்டார். அந்த மக்களின் தவிப்பு உண்மையானது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே எண்ணப்பட்டது சுருதியா?

டொராண்டோ மாமா, இரவு 8:31
நாங்கள் வாக்களித்ததும் அப்படித்தான். அவள் நம் பிள்ளை, அதற்காகத்தான். மற்ற பிள்ளைகளின் பாட்டை நான் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் மனதுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

பெரியப்பா, இரவு 8:38
பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2007இல் இந்திக் கோடீஸ்வரன் நிகழ்ச்சியோடு நேயர்களுக்கு ஒரு குறுஞ்செய்திப் போட்டி வைத்தார்கள். ஒரு குறுஞ்செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. நேயர்கள் கொடுத்த காசிலிருந்தே பரிசு கொடுக்கப்பட்டது என்று சொல்லி, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் 1 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே யாரையும் திருடர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாம் அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் யாருக்கோ வருமானம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சித்தி (திருச்சி), இரவு 8:44
எனக்குப் பணத்தைவிடத் தொண்டைதான் கவலை. பாப்பாவுக்கு 12 வயது. மூன்று ஆண்டாக என்னிடம் ஐந்து கட்டைச் சுருதியில் நிதானமாகப் பாடி வருகிறாள். போட்டியில் கைதட்டல் வாங்குவது உச்ச ஸ்தாயியில் பிடிக்கும் ஒரு நீண்ட கார்வைதான். அதற்காகக் குழந்தைகள் ஒரே வாரத்தில் ஒரு பாட்டை மனப்பாடம் செய்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்த ஒரு மாணவிக்கு, மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், குரல் நிற்கவே ஓர் ஆண்டு ஆயிற்று.

தம்பி, இரவு 8:52
ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் என் வேலையில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்கு, பெயர் வேண்டாம், ஒலிக்கலவை செய்தேன். சுருதி விலகிய இடங்களை மென்பொருளில் நேராக்குவோம். யார் குரலை எவ்வளவு நேராக்குவது என்று எனக்குக் குறிப்பு வரும். ஒரு பையனுக்கு எல்லாம் நேராக்கினேன். அடுத்துப் பாடிய பெண்ணுக்கு, அப்படியே விடு என்று எழுதியிருந்தது. அவள் அந்த வாரம் வெளியேறினாள். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் காட்சி வேறொரு பாட்டின்போது எடுத்தது. அதை வெட்டி இங்கே ஒட்டினார்கள். வெளிநாட்டிலும் இது உண்டு. 2010இல் பிரிட்டனில் எக்ஸ் ஃபேக்டர் என்ற பாட்டுப் போட்டியின் தேர்வுச் சுற்றில் குரலைத் திருத்தியிருப்பதை நேயர்கள் கேட்டே கண்டுபிடித்தார்கள். தயாரிப்புத் தரப்பும் ஒப்புக்கொண்டது. நான் சொன்னேனே, வெளியேறிய பெண், அவள் பாட்டு இன்னும் என் கணினியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

அத்தை (தஞ்சாவூர்), இரவு 8:57
சரி, சபாக்களில் மட்டும் எல்லாம் நியாயமாக நடக்கிறதா? மார்கழியில் யாருக்கு மாலை ஆறு மணி மேடை, யாருக்கு ஆள் இல்லாத மதிய மேடை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எந்தப் பின்புலமும் இல்லாத வீட்டுக் குழந்தை எங்கேதான் போய்ப் பாடும்?

சித்தி (திருச்சி), இரவு 9:01
நீங்கள் சொல்வது சரி அண்ணி. நான் மறுக்கவே மாட்டேன். முப்பது ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்தும், என் மாணவர்களில் இருவருக்குத்தான் சென்னையில் மேடை வாங்கித் தர முடிந்தது.

நான், இரவு 9:08
வாக்கு எண்ணிக்கையையே மாற்றியதும் நடந்திருக்கிறது அத்தை. தென்கொரியாவில் புரடியூஸ் 101 என்ற தொடர் போட்டி. நேயர் வாக்கால் பாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். 2019 இறுதிச் சுற்றில், அடுத்தடுத்த இடங்களுக்கு இடையிலான வாக்கு வித்தியாசம் 29,978 என்று பல இடங்களில் அப்படியே திரும்ப வந்ததை நேயர்கள் கவனித்தார்கள். காவல்துறை விசாரித்தது. நான்கு பருவங்களிலும் முடிவுகளை மாற்றியிருந்தார்கள். தயாரிப்பு இயக்குநருக்கு 2020இல் 2 ஆண்டு சிறை. அங்கே எண்ணிக்கையை வெளியிட்டதால்தான் பிடிபட்டது. நம் நிகழ்ச்சிகளில் எத்தனை முறை முழு எண்ணிக்கையைக் காட்டியிருக்கிறார்கள்? இங்கேயும் மாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 2016இல் சூப்பர் சிங்கரில் வென்றவர் முன்பே சினிமாவில் பாடியவர் என்று எவ்வளவு பெரிய சர்ச்சை! அவர் அருமையான பாடகர். ஆனால் புதுக்குரலுக்கான இடம் என்று நம்பிப் பார்த்த மக்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நான் கேட்பது அந்தத் திறந்த மனம்தான்.

அண்ணி, இரவு 9:15
நீங்கள் அந்த நாளில் நடந்ததைச் சொல்லுங்கள். இவர்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அண்ணன், இரவு 9:29
இதை இதுவரை வெளியே சொல்லவில்லை. தேர்வு நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசையில் நின்றோம். எங்கள் எண் 412. பாப்பா இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வெந்நீரை மட்டும் வாய் வாயாகக் குடித்துக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். தாத்தா சொல்லிக்கொடுத்த தேவாரத்தைத் தொடங்கினாள். இரண்டாவது அடியிலேயே நிறுத்தி, சினிமாப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாடினாள். பிறகு பக்கத்து அறையில் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அப்பாவுக்கு என்ன வேலை, சொந்த வீடா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, கடன் இருக்கிறதா. அங்கே யாரும் ராகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, தாளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தாத்தா போன ஆண்டு இறந்தார் என்று பாப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கடைசியாக உன்னிடம் என்ன பேசினார் என்று கேட்டார். பாப்பா விக்கி விக்கி அழுதாள். நான் எழுந்து போனபோதுதான் மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். இப்போது அழைப்பு வந்திருக்கிறது. அவள் பாட்டுக்காக வந்ததா, அழுகைக்காக வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை (தஞ்சாவூர்), இரவு 9:31
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை (தஞ்சாவூர்), இரவு 9:40
அப்பாவைப் பற்றியா கேட்டார்கள்?

அண்ணன், இரவு 9:41
ஆம் அத்தை.

தம்பி, இரவு 9:53
ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது. எடுத்த காட்சிகள், சொன்ன குடும்ப விவரங்கள் எல்லாவற்றையும் எப்போதும், எங்கும், எப்படி வேண்டுமானாலும் தொகுத்து வெளியிடலாம். பதினொன்றாவது பக்கத்தில், மூன்று ஆண்டுக்கு வேறு எந்தப் பதிவிலும் பாட அவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது. 15 வயது வரை அவள் குரல் நம்முடையது இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம் அண்ணா.

பெரியப்பா, இரவு 10:02
2017ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகளில் தெளிவாக இருக்கிறது. 14 வயது நிரம்பாத கலைஞரை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இவற்றில் எது அந்த 14 பக்கத்தில் இருக்கிறது?

தம்பி, இரவு 10:04
ஒன்றும் இல்லை பெரியப்பா.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன், காலை 10:20
ஒருங்கிணைப்பாளரிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். அழும் காட்சியை நீக்க முடியுமா என்று கேட்டேன். அதுதான் அறிமுகக் காட்சி, அதை எடுத்துவிட்டால் நேயர்களுக்குக் குழந்தையின் மேல் பிடிப்பு வராது என்றார். பாட்டு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இரண்டு நிமிடத்துக்குள் சுருக்கித் தருவார்களாம்.

நான், காலை 10:24
அண்ணா, இதற்கு மேல் நீதி நியாயம் பேச எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். குழந்தையின் துக்கத்துக்கு விளம்பர இடைவேளை வைத்து விற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டொராண்டோ மாமா, காலை 10:30
நானும் அதையே சொல்கிறேன். நேற்று முதலில் துள்ளிக் குதித்தவன் நான்தான்.

அண்ணன், காலை 11:45
சொல்லிவிட்டேன். கையெழுத்தில்லாமல் எந்தக் காட்சியையும் வெளியிடக் கூடாது என்று மின்னஞ்சலும் அனுப்பினேன். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். ஆனால் பாப்பா என்னோடு பேசவில்லை. 412 பேர் நின்ற வரிசையில் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள், அதை நான் கெடுத்துவிட்டேன் என்கிறாள். அவளிடம் கேட்காமல் முடிவு செய்ததை நினைத்தால் எனக்கும் வலிக்கிறது.

சித்தி (திருச்சி), மதியம் 12:10
அவளை வற்புறுத்தாதே. இன்று வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல். அழுது முடிக்கட்டும்.

அத்தை (தஞ்சாவூர்), மாலை 5:35
இந்தப் பிரதோஷத்தன்று நம் கோயில் மண்டபத்தில் பாட ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். குருக்களிடம் பேசிவிட்டு வந்தேன். பாப்பாவின் பெயரைச் சொன்னதும், தாத்தா உட்கார்ந்து பாடும் தூணருகே இடம் தருகிறேன் என்றார். அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேள்.

அண்ணி, மாலை 6:20
அவளே தட்டச்சு செய்கிறாள் அத்தை.

அண்ணி, மாலை 6:22
அத்தைப் பாட்டி, நான் பாப்பா. மைக் வைப்பார்களா?

அத்தை (தஞ்சாவூர்), மாலை 6:22
வைப்பார்கள் கண்ணு.

அண்ணி, மாலை 6:25
அப்படியென்றால் அந்தப் பதிகம் முழுவதும் பாடுகிறேன். பதினொரு பாட்டு. நடுவில் நிறுத்தக் கூடாது என்று குருக்களிடம் சொல்லிவிடுங்கள்.