எதிரணி ஊரில் அக்டோபர்: பிளேஆஃப் பேஸ்பால் அனுபவப் பகிர்வு

ஹார்ட்ஃபோர்டிலிருந்து:

நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பகைக்கு எல்லை எது என்று கேட்டால் கனெக்டிகட்டைத்தான் காட்டுவார்கள். மேற்கே ஃபேர்ஃபீல்ட் கவுண்டி நியூயார்க் பக்கம், கிழக்கே நியூ லண்டன் பாஸ்டன் பக்கம். நடுவில் உள்ள ஹார்ட்ஃபோர்ட், நியூ ஹேவன் வட்டாரத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு தொப்பியும் தொங்கும். யாங்கீஸ் கேட்சர் தர்மன் மன்சன், ரெட் சாக்ஸின் ட்ராட் நிக்சன் இருவர் பெயரையும் சேர்த்து இந்த எல்லைக்கு மன்சன்–நிக்சன் கோடு என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

2025 பிளேஆஃபின் (ரெகுலர் சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்கள்) முதல் சுற்றான வைல்ட் கார்டு சுற்றில் இந்தக் கோடு பல வீடுகளின் ஹாலுக்குள் வந்தது. 2022 முதல் உள்ள முறைப்படி இந்தச் சுற்றின் மூன்று ஆட்டமும் தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் ஊரிலேயே நடக்கும். மேலே இருந்தது யாங்கீஸ், அதனால் ரெட் சாக்ஸின் ஃபென்வே பார்க்கில் ஓர் ஆட்டம்கூட இல்லை. முதல் ஆட்டம் பாஸ்டனுக்கு 3–1, அடுத்தது யாங்கீஸுக்கு 4–3. அக்டோபர் 2 அன்று 4–0 என்று கதையை முடித்தவர் யாங்கீஸ் பிட்சர் கேம் ஷ்லிட்லர். 8 இன்னிங்ஸ் வீசினார், 12 ஸ்ட்ரைக்அவுட், ஒருவரைக்கூட வாக் (நான்கு தவறான பந்தால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) விடவில்லை. அவர் வளர்ந்தது பாஸ்டனுக்குத் தென்மேற்கே உள்ள வால்போலில், படித்தது பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். ஆட்டத்துக்கு முன்னால் பாஸ்டன் ரசிகர்கள் சிலர் அவர் வீட்டாரைச் சமூக வலைத்தளத்தில் வசைபாடியிருந்தார்கள். களத்தில் நிற்பவரைக் கத்தலாம், கேலி செய்யலாம், அதெல்லாம் ஆட்டத்தோடு சேர்ந்தது. பெற்றோரைத் தேடிப்போய் ஏசுவது எந்த அணி ரசிகனுக்கும் அழகில்லை.

இரண்டு அணி ரசிகர்கள் இருக்கும் வீட்டில் முதலில் வரும் சண்டை கமென்ட்ரிக்காகத்தான். ரெகுலர் சீசனில் யாங்கீஸுக்கு யெஸ், ரெட் சாக்ஸுக்கு நெசன் என்று தனித்தனி சேனல். பிளேஆஃபில் இரண்டும் கிடையாது, தேசிய ஒளிபரப்பு மட்டும்தான். பழகிய குரல் வேண்டுமென்றால் டிவி சத்தத்தை அடைத்துவிட்டு ரேடியோ வைக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஏரியல் வழியாக வரும் ரேடியோ டிவிக்குச் சில நொடி முன்னால் ஓடும், ஆப் வழியாக வரும் ரேடியோ டிவிக்குப் பின்னால் வரும், சில நேரம் அரை நிமிடம்கூட. பின்னால் வருவதை விரட்ட முடியாது, முன்னால் ஓடுவதைத்தான் பிடித்து நிறுத்த முடியும். ஆகவே ரேடியோவை ஆப்பில் வையுங்கள். டிவியில் பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்பும் நொடியில் படத்தை நிறுத்தும் பாஸ் பட்டனை அழுத்துங்கள். ரேடியோவில் அதே பந்தைச் சொல்லத் தொடங்கியதும் டிவியை ஓட விடுங்கள். மட்டையில் பந்து படும் 'டக்' சத்தமும் படமும் ஒட்டினால் சரி. ஸ்ட்ரீம் நடுவில் சுற்றி நின்றால் இந்தக் கணக்கு கலைந்துவிடும், இன்னிங்ஸ் இடைவேளையில் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

ஆளுக்கொரு அறை என்று பிரிந்து உட்கார்ந்தால் இரண்டு அறையிலும் ஒரே வழியில் படம் வர வேண்டும். ஓர் அறையில் கேபிள், இன்னொன்றில் ஸ்ட்ரீமிங் என்றால் பிட்சர் பந்தை வீசும் முன்பே பக்கத்து அறைக் கூச்சல் முடிவைச் சொல்லிவிடும். பாதிச் சண்டை அதனால்தான்.

பிராங்க்ஸிலிருந்து:

டிக்கெட்டில் ஏமாறுகிறவர்கள் அதிகம், அதனால் அதை முதலில் சொல்கிறேன். பிளேஆஃப் டிக்கெட்டில் 'ஹோம் கேம் 1', 'ஹோம் கேம் 2' என்றுதான் போட்டிருக்கும். அது தொடரின் முதல், இரண்டாம் ஆட்டம் அல்ல, அந்த மைதானத்தில் நடக்கும் முதல், இரண்டாம் ஆட்டம். வைல்ட் கார்டுக்கு அடுத்த சுற்றான டிவிஷன் சீரிஸ் 2–2–1 முறையில் போகும்: முதல் இரண்டு ஆட்டம் மேலே உள்ள அணியின் ஊரில், அடுத்த இரண்டு மற்ற ஊரில், கடைசி மறுபடி மேலே உள்ள அணியின் ஊரில். தரவரிசையில் கீழே உள்ள அணிக்கு ஹோம் கேம் 1 என்றால் தொடரின் மூன்றாவது ஆட்டம். லீக் சாம்பியன்ஷிப்பும் வேர்ல்ட் சீரிஸும் 2–3–2. அதில் மேலே உள்ள அணியின் ஹோம் கேம் 3 என்பது ஆறாவது ஆட்டம், அதாவது நடக்காமலே போகக்கூடியது. ஆட்டம் நடக்காவிட்டால் டிக்கெட் பணம் திரும்பும், விமானக் கட்டணமும் ஹோட்டல் அறையும் திரும்பாது. அணி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை ஒத்துப் பார்த்த பிறகுதான் மற்ற புக்கிங்.

இருக்கை விஷயம். வெளியூர் அணி ரசிகராக வருகிறீர்கள் என்றால் அந்த அணியின் டக்அவுட்டுக்குப் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) பின்னால் வாங்குங்கள். உங்கள் ஆட்கள் அங்கேதான் கூடுவார்கள். யாங்கி ஸ்டேடியத்திலும் ஃபென்வேயிலும் அது மூன்றாம் பேஸ் பக்கம். ரிக்லி ஃபீல்டிலும் டாட்ஜர் ஸ்டேடியத்திலும் முதல் பேஸ் பக்கம். யாங்கி ஸ்டேடியத்தின் ரைட் ஃபீல்ட் ப்ளீச்சரில் (அவுட்ஃபீல்ட் சுவருக்குப் பின்னால் உள்ள பெஞ்சு வரிசைகள்) 203ஆம் செக்‌ஷன் பக்கம் ரெட் சாக்ஸ் ஜெர்சியோடு போக வேண்டாம். முதல் இன்னிங்ஸில் களத்தில் நிற்கும் யாங்கீஸ் ஃபீல்டர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிக் கையசைக்கும் வரை விடாத கூட்டம் அது. ரசிக்க அருமையான இடம், எதிரணிச் சட்டையில் உட்காரக் கடினமான இடம். குழந்தைகளோடு போகிறவர்கள் கண்டிப்பாக வேறு இடம் பாருங்கள்.

ஒன்பது இன்னிங்ஸ் சமநிலையில் முடிந்தால் தொடரும் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ், பிளேஆஃபில் பழைய முறைப்படிதான். ரெகுலர் சீசன் மாதிரி இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்தி வைத்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கும் ஏற்பாடு கிடையாது. 2004 அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப்பின் நான்காவது ஆட்டத்தை 12ஆவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தபோது பாஸ்டனில் நள்ளிரவு தாண்டி மணி 1:22. மறுநாள் இன்னும் நீளம், 14 இன்னிங்ஸ். நியூயார்க் சப்வே விடிய விடிய ஓடும். பாஸ்டன் ரயில் அப்படி இல்லை, நள்ளிரவு தாண்டினால் நின்றுவிடும். ஃபென்வேயில் ஒன்பதாவது இன்னிங்ஸ் சமநிலையில் முடிந்தாலே, வீடு திரும்ப மாற்று வழியை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சான் டியேகோவிலிருந்து:

இங்கே கோடு போட்டது கிரெடிட் கார்டில். 2022 டிவிஷன் சீரிஸில் எங்கள் அணி பாட்ரேஸ் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர்ஸோடு மோதியபோது, கார்டின் பில்லிங் முகவரி இந்த வட்டாரத்தில் இல்லாதவர்களுக்குப் பாட்ரேஸ் டிக்கெட் விற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் இங்கிருந்து சுமார் 120 மைல்தான், ஆகவே தடுக்காவிட்டால் எங்கள் மைதானமான பெட்கோ பார்க்கில் டாட்ஜர்ஸின் நீலச் சட்டை நிரம்பியிருக்கும். ரீசேலுக்கு அந்தத் தடை செல்லாது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் நல்ல விலைக்கு விற்றால் எதிரணி ரசிகர் தாராளமாக உள்ளே வரலாம். கோட்டையின் கதவு திறப்பது உள்ளிருந்துதான், வெளியூர்க்காரரைத் திட்டிப் பயனில்லை.

2024 அக்டோபர் 6, டாட்ஜர் ஸ்டேடியம். முதல் இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸின் ஹோம் ரன்னை லெஃப்ட் ஃபீல்டில் பாட்ரேஸின் ஜூரிக்சன் ப்ரொஃபார் சுவரைத் தாண்டிக் கைநீட்டிப் பறித்தார். ஏழாவது இன்னிங்ஸில் அவர் நின்ற பக்கம் பந்துகளும் குப்பையும் பறந்தன. பத்து நிமிடத்துக்கும் மேல் ஆட்டம் நின்றது. எறிந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு பாட்ரேஸ் இன்னும் அடித்து, மொத்தம் ஆறு ஹோம் ரன்னோடு 10–2 என்று ஜெயித்தது. கோபப்பட்ட அணி நன்றாக அடிக்கும். (தொடர் டாட்ஜர்ஸுக்கே போனது, 3–2. அது இன்னும் வலிக்கிறது.)

வாகன நிறுத்தத்தைப் பற்றி ஒன்று. 2011 சீசனின் முதல் நாள், அதே டாட்ஜர் ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ரசிகர் ஒருவரை அடித்து மூளைக்கு நிரந்தரச் சேதம் ஏற்படுத்தினார்கள். அது பிளேஆஃப்கூட இல்லை. மைதானத்துக்குள் காவலர் இருப்பார், கேமரா இருக்கும், பாதுகாப்புப் பிரிவுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப எண் இருக்கும். ஆபத்து வெளியேறும் வழியிலும் இருட்டான பார்க்கிங்கிலும்தான். எதிரணி ஜெர்சிக்கு மேல் போட வெறும் ஜாக்கெட் ஒன்று கையில் இருக்கட்டும். உங்கள் அணி ஜெயித்த இரவில்தான் அது அதிகம் தேவைப்படும்.

சிகாகோவிலிருந்து:

ரெட் லைன் ரயிலில் வடக்கே அடிசனில் இறங்கினால் கப்ஸின் ரிக்லி ஃபீல்ட், தெற்கே 35ஆம் தெருவில் இறங்கினால் வைட் சாக்ஸ் மைதானம். இரண்டு அணியும் வேர்ல்ட் சீரிஸில் மோதியது ஒரே ஒரு முறை, 1906இல். 116 வெற்றியோடு வந்த கப்ஸை வைட் சாக்ஸ் 4–2 என்று தோற்கடித்தது. 2005இல் வைட் சாக்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வெல்லாத 88 ஆண்டு வறட்சியை முடித்தது, 2016இல் கப்ஸ் 108 ஆண்டு வறட்சியை முடித்தது. நகரம் முழுக்க ஒன்றாகக் கொண்டாடியது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. 'நம்ம ஊர்தானே' என்று தெற்குப் பக்கத்துக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

எதிரணி ஹோம் ரன் பந்தைக் களத்துக்கே திருப்பி எறிவது ரிக்லி ப்ளீச்சர் வழக்கம். கிரிக்கெட்டில் கேலரிக்கு வந்த பந்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பேஸ்பாலில் பிடித்தவருக்கே பந்து சொந்தம். ஆகவே திருப்பி எறிவது ரசிகர் தன் சொத்தை விடுவது. எறியாவிட்டால் சுற்றியிருப்பவர்கள் விட மாட்டார்கள். பழகியவர்கள் பையில் வேறொரு பந்து கொண்டுபோய் அதை எறிந்துவிட்டு அசலை வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கடையில் வாங்கிய புதுப் பந்து உதவாது, பளிச்சென்ற வெள்ளை காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டப் பந்துகளை டெலவேர் ஆற்றுப் பக்கம் எடுக்கும் சேற்றால் முன்கூட்டியே தேய்த்து மினுக்கம் போக்கியிருப்பார்கள், நிறம் லேசாக மங்கியிருக்கும். வீட்டில் அடிபட்ட பழைய பந்துதான் சரி. அசல் இடப்பையில், மாற்று வலப்பையில் என்று முன்பே முடிவு செய்து வையுங்கள். கூச்சலில் அவசரப்பட்டு அசலையே எறிந்துவிடக் கூடாது. ஆட்டக்காரர் பக்கம் எறியவே கூடாது, காலியான புல்தரைக்கு எறியுங்கள். 2021 ஜூலையில் யாங்கி ஸ்டேடியத்தில் ஒருவர் எறிந்த பந்து ரெட் சாக்ஸின் அலெக்ஸ் வெர்டூகோ முதுகில் பட்டது. எறிந்தவருக்கு எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஆயுள் தடை. அதே வெர்டூகோ 2024இல் யாங்கீஸ் சட்டையில் ஆடினார், வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட் அவர்தான். அவரை ஸ்ட்ரைக்அவுட் செய்த டாட்ஜர்ஸின் வாக்கர் பியூலர் அடுத்த சீசன் ரெட் சாக்ஸுக்குப் போனார். சட்டையை நம்பி ஆளை வெறுத்தால் இந்தக் கதிதான்.

இப்போது சுவர். ரசிகர் குறுக்கீடு பற்றிய விதியைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சுவரின் மேல் விளிம்பிலிருந்து நேர் மேலே ஒரு திரை தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரசிகர் கை திரையைத் தாண்டிக் களப்பக்கம் வந்து கேட்சைத் தடுத்தால் குறுக்கீடு, பேட்டர் அவுட். ஃபீல்டர் கை திரையைத் தாண்டிக் கேலரிப் பக்கம் வந்தால் அது அவர் பாடு, அங்கே ரசிகர் பந்தைத் தொடலாம்.

2003 அக்டோபர் 14 இரவை இந்த விதியோடுதான் பார்க்க வேண்டும். ரிக்லியில் ஃப்ளோரிடா மார்லின்ஸோடு லீக் சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம், கப்ஸ் 3–0 முன்னிலை, எட்டாவது இன்னிங்ஸ், ஓர் அவுட் ஆகிவிட்டது, இன்னும் ஐந்தே அவுட்டில் வேர்ல்ட் சீரிஸ். மார்லின்ஸின் லூயிஸ் கஸ்டியோ அடித்த ஃபவுல் பந்து (கோட்டுக்கு வெளியே போவது) லெஃப்ட் ஃபீல்ட் ஓரம் கேலரி விளிம்புக்குப் போனது. கப்ஸ் ஃபீல்டர் மொய்சஸ் அலூ தாவினார். ஒரே நேரத்தில் பல கைகள் நீண்டன, ஒரு ரசிகர் கையில் பட்டது. பந்து திரையைத் தாண்டிக் கேலரிப் பக்கம் வந்துவிட்டது, குறுக்கீடு இல்லை என்றார் அம்பயர். கஸ்டியோ வாக் வாங்கினார். அடுத்து இவான் ரோட்ரிகஸ் சிங்கிள் அடித்தார். அவருக்குப் பின் வந்த மிகேல் கப்ரேராவின் பந்து கப்ஸ் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்ஸாலஸிடம் டபுள் ப்ளேக்கு (ஒரே பந்தில் இரண்டு அவுட்) வசதியாக வந்தது, அவர் கைவிட்டார். ஃப்ளோரிடா மார்லின்ஸ் அந்த இன்னிங்ஸில் 8 ரன் எடுத்தது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தையும் கப்ஸ் இழந்தது. பழி மட்டும் அந்த ரசிகர் தலையில். அவரும் கப்ஸ் ரசிகர்தான். பாதுகாவலர் சூழ வெளியே கொண்டுபோனார்கள், வீட்டுக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். 2017இல் கப்ஸ் நிர்வாகம் அவருக்கு 2016 வெற்றி மோதிரம் ஒன்றைக் கொடுத்தது. கொடுத்தது நியாயம், பதினான்கு ஆண்டு தாமதம்.

ரிக்லியின் அவுட்ஃபீல்ட் சுவர் மேல் 1970 முதல் கம்பிவலைக் கூடை இருக்கிறது, ப்ளீச்சர் ரசிகர் களத்துக்குள் இறங்காமல் இருக்கத்தான். அந்தப் பந்து விழுந்த ஃபவுல் ஓரத்தில் கூடை இல்லை. அந்த வரிசைகளில் உட்காருகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் அணி ஃபீல்டர் ஓடி வந்தால் எழுந்து பின்னால் சாயுங்கள், அவருக்கு இடம் விடுங்கள். கை தன்னால் மேலே போகும், முன்பே முடிவு செய்து வைத்திருந்தால்தான் அடக்க முடியும்.

பிராங்க்ஸிலிருந்து, மறுபடி:

மேலே சொன்ன விதியில் ஒன்று சேர்க்க வேண்டும். ஃபீல்டர் கேலரிப் பக்கம் கைநீட்டினாலும் அவர் கையைப் பிடிக்க ரசிகருக்கு உரிமை வந்துவிடாது. 2024 வேர்ல்ட் சீரிஸ் நான்காவது ஆட்டம், முதல் இன்னிங்ஸ். யாங்கி ஸ்டேடியத்தில் யாங்கீஸின் க்ளேபர் டோரஸ் அடித்த ஃபவுல் பந்தை மூக்கி பெட்ஸ் சுவரோரம் பிடித்துவிட்டார். முன்வரிசை ரசிகர் இருவரில் ஒருவர் கிளவ்வைப் பிரித்துப் பந்தைப் பிடுங்கினார், இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டோரஸ் அவுட்தான். இருவரையும் வெளியேற்றினார்கள், அடுத்த ஆட்டத்துக்கும் விடவில்லை, பிறகு எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் தடை வந்தது. யாங்கீஸ் ரசிகர் யாரும் இதை நியாயப்படுத்த வேண்டாம்.

ஓக்லாந்திலிருந்து:

1989 வேர்ல்ட் சீரிஸ் ஓக்லாந்து ஏ'ஸும் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும். பாதி ஒரு அணி, பாதி மற்ற அணி என்று நடுவில் தைத்த தொப்பிகள் விற்றன. வளைகுடாவின் இரு கரையிலும் அதை வெட்கமில்லாமல் போட்டுக்கொண்டார்கள். அக்டோபர் 17 மாலை 5:04க்கு நிலநடுக்கம், மூன்றாவது ஆட்டம் பத்து நாள் தள்ளிப்போனது. தொடர் ஏ'ஸுக்கு 4–0.

2024 செப்டம்பர் 26 அன்று ஏ'ஸ் ஓக்லாந்தில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விட்டது. 'பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜயன்ட்ஸ் இருக்கிறதே, அதை ஆதரிக்கலாமே' என்று கேட்கிறார்கள். ஏ'ஸ் சான் ஹோசேக்குப் போக முயன்றபோது அந்தப் பகுதி தன் எல்லை என்று மறித்தது ஜயன்ட்ஸ். பழைய ரசிகர் பலர் அதை மறக்கவில்லை. அந்தப் பாதிப் பாதித் தொப்பி யாரிடமாவது இருந்தால் துவைக்க வேண்டாம், முன்விளிம்பு உடைந்துவிடும். ஈரத்துணியால் வியர்வைப் பட்டையை மட்டும் துடைத்து, உள்ளே காகிதம் அடைத்து நிழலில் வையுங்கள்.